கேக்கும் கீபோர்டும் தொழிலாகுமா? நகையை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 34. திருச்சி திருவெறும்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 42,000 ரூபாய். வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் உட்பட வீட்டுச் செலவு 31,000 ஆகிறது. மூன்று வருடமாக வீட்டிலேயே கேக் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். கணவர் கல்லூரி நாளிலிருந்தே கீபோர்டு வாசிப்பவர், நான் ஓரளவு பாடுவேன். சென்ற வருடம் தோழியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது கேக்கும் செய்து, இரண்டு மணி நேரம் பாடவும் செய்தோம். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கூப்பிட்டார்கள். கடைசியாகச் செய்ததற்கு 15,000 வாங்கினோம், 7,500 மிச்சம். இதையே தொழிலாக்க ஸ்பீக்கர், ஒலி மிக்ஸர் வகையில் 2.5 லட்சம், புது கீபோர்டுக்கு 80,000, பெரிய ஓவனுக்கும் கேக் சாமான்களுக்கும் 1.2 லட்சம், ஆக 4.5 லட்சம் தேவை. என் பெயரில் 3 லட்சம் வைப்பு நிதி இருக்கிறது. அதைத் தொடாமல் நகையை அடகு வைக்கலாம், வேலையையும் விட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் உருப்படும் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருவெறும்பூர்

பதில்: யோசனை நல்ல யோசனை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேக் செய்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பம் இரண்டையும் கொண்டுவந்து, விழா வீட்டுக்காரருக்கு இரண்டு பேரைத் தேடி அலையும் வேலையை மிச்சப்படுத்துவது அரிது. நீங்கள் விளம்பரம் செய்யாமலே நான்கு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், அது சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் இப்போது வேலையை விட வேண்டாம், நகையை எடுக்க வேண்டாம். காரணம், நீங்கள் மிச்சம் என்று எழுதியிருக்கும் அந்த 7,500 ரூபாய்.

அந்த நிகழ்ச்சியின் செலவு விவரத்தை உங்களிடம் கேட்டு வாங்கினேன் அல்லவா? நீங்கள் எழுதியனுப்பியது மூன்றே வரி. மாவு, வெண்ணெய், கிரீம் உட்பட கேக் சாமான் 3,100. அட்டை, பெட்டி, அலங்காரம் 900. ஸ்பீக்கர் வாடகை 3,500. மொத்தம் 7,500. பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க மற்றவை வந்தன. சாமான்களை ஏற்றிப் போன வண்டிக்கு 1,200, அதைக் கணவர் தன் பர்ஸிலிருந்து கொடுத்துவிட்டார். கேஸும் கரண்டும் சுமார் 250. தபேலா வாசித்த நண்பர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொல்வார், இரண்டாவது முறையும் சொல்வார். தொழில் என்று ஆன பிறகு அவருக்கு 2,000 ரூபாயாவது கொடுக்காமல் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. இவற்றையும் சேர்த்தால் செலவு 10,950. மிச்சம் 4,050தான்.

அப்புறம் உழைப்பு. கேக்குக்கும் விழா நாளுக்கும் சேர்த்து உங்களுக்கு 20 மணி நேரம், ஒத்திகை, சாமான் ஏற்றி இறக்குவது, வாசிப்பது எல்லாம் சேர்த்துக் கணவருக்கு 11 மணி நேரம். 4,050-ஐ 31-ஆல் வகுத்தால் மணிக்கு 130 ரூபாய். கணவரின் சம்பளத்தை மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்குச் சுமார் 200 வருகிறது. மணிக்கு 200 தரும் வேலையை விட்டுவிட்டு 130 தரும் வேலைக்குப் போகலாமா என்பதுதான் கணவர் உங்களிடம் கேட்கும் கேள்வி. பிஎஃப்பில் நிறுவனம் போடும் பங்கையும், இருந்தால் குடும்ப மருத்துவக் காப்பீட்டையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை, விலையைச் சரிசெய்வது. அதே நிகழ்ச்சிக்குச் செலவு 10,950. உங்கள் இருவரின் உழைப்பு மணிக்கு 200 என்று 6,200. கருவிகளின் தேய்மானத்துக்கும், சரிந்து போகும் கேக்குக்கும் 1,100. தொழிலுக்கென்று லாபம் 2,250. ஆக மொத்தம் 20,500 ரூபாய். 15,000-க்குச் செய்துவிட்டு 20,500 கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு விலை சொல்லத் தயங்குவதை இத்தனை வருட ஆலோசனையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்படுகிறது. தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள். ஆனால் பில்லில் 20,500 என்று எழுதி, தள்ளுபடி இவ்வளவு என்று காட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் தோழி அடுத்தவரிடம் 'பதினஞ்சுதான்' என்று சொல்லிவிடுவார், அதுவே உங்கள் விலையாக நின்றுவிடும்.

இந்த விலையில் ஒரு நிகழ்ச்சிக்கு உங்கள் வீட்டுக்கு வருவது 8,450. சம்பளத்துக்கு ஈடுகட்ட மாதம் ஐந்து நிகழ்ச்சி வேண்டும், அதுவும் பன்னிரண்டு மாதமும். நம் ஊர் நாட்காட்டி அதற்கு விடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம், நிச்சயம், வளைகாப்பு எதுவும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேக்கின் நாட்காட்டியும் பாட்டின் நாட்காட்டியும் ஒன்றல்ல. மார்கழியில் விசேஷம் இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குக் கேக் ஆர்டர் குவியும். ஆடியில் கேக் மந்தம், ஆனால் அம்மன் கோயில் விழாக்களில் மெல்லிசைக் கச்சேரிக்கு ஆள் தேடுவார்கள். புரட்டாசியில் பல வீடுகளில் முட்டை சேர்க்க மாட்டார்கள், முட்டையில்லாத கேக் நன்றாக வந்தால் அந்த மாதம் உங்களுடையது. ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை வேலை செய்யும் என்பதுதான் இந்தத் தொழிலின் பலம். இரண்டையும் சேர்த்துத்தான் விற்பேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், தனித்தனியாகவும் விலைப்பட்டியல் வையுங்கள். சித்திரை, வைகாசி பற்றி ஒரு எச்சரிக்கை. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மண்டபத்தில் விப்பிங் கிரீம் நிற்காது. அந்த மாதங்களில் ஃபாண்டன்ட் (சர்க்கரைப் போர்வை) அல்லது கனாஷ் (சாக்லேட் பூச்சு) கேக் மட்டுமே என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது ஸ்பீக்கர். என் சித்தப்பா மைக்செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கர் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்த சமயத்தில், கடன் வாங்கிப் புது செட் எடுத்தார். கடன் தீர்வதற்குள் அதைவிடப் புதியதை ஊரில் வேறொருவர் இறக்கிவிட்டார். வாடகையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வட்டிக்காகவே அவர் விழாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் 2.5 லட்சம் போட்டு வாங்க நினைப்பதை இன்று 3,500 ரூபாய் வாடகைக்கு எடுக்கிறீர்கள். 2.5 லட்சம் என்பது 71 நிகழ்ச்சிக்கான வாடகை. மாதம் இரண்டு நிகழ்ச்சி என்றால் மூன்று வருடம். நகைக்கடன் வட்டியை ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்தாலும், அந்தத் தொகைக்கு வருடம் 25,000 வட்டி, அதாவது இன்னும் ஏழு நிகழ்ச்சியின் வாடகை. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் எடுத்தால் பழுதும் அவர் பொறுப்பு, ஏற்றி இறக்க ஆளும் அவரே அனுப்புவார். மாதம் ஐந்து நிகழ்ச்சி தொடர்ந்து வரும்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம். கீபோர்டும் அப்படித்தான், இருப்பது வாசிக்கிறது என்றால் அதுவே போதும்.

ஓவன் விஷயம் வேறு. அது இல்லாமல் கேக்கே இல்லை, கேக் ஆர்டர் வாரம் முழுக்க வரும், அதனால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். வைப்பு நிதியிலிருந்து ஒரு லட்சம் எடுங்கள். 60,000-க்குள் ஓவன், மாவு கலக்கும் மிக்ஸர், கேக்கை ஆடாமல் கொண்டுபோகும் பெட்டிகள். 15,000-க்குள் இரண்டு நல்ல மைக்கும் கேபிள்களும். மீதி 25,000 கைமுதல். மிச்சம் இருக்கும் 2 லட்சத்தைத் தொடாதீர்கள், அது உங்கள் ஆறு மாத வீட்டுச் செலவு. பெரிய ஓவன் வந்தால் கரண்ட் பில்லையும் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அந்தக் கூடுதல் தொகை வீட்டுச் செலவு இல்லை, கேக்கின் செலவு.

பணம் வாங்கும் முறையிலும் கறாராக இருங்கள். விழா முடிந்ததும் 'மொய் எண்ணிட்டுத் தர்றோம்' என்பார்கள், அடுத்த நாள் போன் எடுக்க மாட்டார்கள். நாள் குறிக்கும்போதே பாதி, முந்தின நாள் மீதி, அது வந்த பிறகே ஓவன் சூடாக வேண்டும். விழாவுக்கு ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வராது என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி நடத்தினால் அடுத்தவர் முன்பணத்திலேயே சாமான் வாங்கிவிடலாம், கடன் தேவைப்படாது. பிறகு எப்போதாவது தேவைப்பட்டால் நகைக்கு முன்னால், சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனை வங்கியில் கேளுங்கள். 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். இரண்டுக்கும் அடமானம் வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் விசாரியுங்கள்.

பதிவுகளில் முதலாவது உணவுப் பாதுகாப்புப் பதிவு. உங்களைப் போல் சிறிய அளவில் விற்கும் வீட்டு பேக்கருக்கு உரிமம் வேண்டாம், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு போதும், கட்டணமும் மிகக் குறைவு. தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறோம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், நாளை குழந்தைக்கு வயிற்று வலி என்று யாராவது வந்து நின்றால் கையில் காகிதம் இருக்க வேண்டும். சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம், அரசு தளத்தில் நீங்களே செய்யலாம், அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. ஆனால் கேக் மட்டும் விற்றால் எல்லை ஆண்டுக்கு 40 லட்சம், பாட்டு என்ற சேவையும் சேர்ந்துவிட்டதால் உங்களுக்கு அது 20 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு 5 சதவீதம்தான், நிகழ்ச்சி சேவைக்கு 18. அந்த எல்லையைத் தொடும் நாளில் ஒரே தொகையாக பில் போட்டால் முழுவதுக்கும் 18 கேட்க இடமுண்டு. இன்றே கேக்குக்கு ஒரு வரி, பாட்டுக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதிப் பழகுங்கள்.

பாட்டுக்கும் சட்டம் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. திருமணத்திலும் அதோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே விலக்கு தருகிறது. ஹோட்டலிலோ மண்டபத்திலோ நடக்கும் பிறந்தநாளுக்கும், நிறுவன விழாவுக்கும் அந்த விலக்கு இல்லை. சினிமா பாட்டை மேடையில் பாடுவதற்கு இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் கேட்கப்படலாம். அந்தக் கட்டணம் விழா நடத்துபவர் பொறுப்பு என்று ஒப்புதலில் எழுதிவிடுங்கள். மொட்டை மாடி விழா என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

தொழிலை உங்கள் பெயரில் தொடங்குங்கள். வைப்பு நிதி உங்கள் சொந்தப் பணம் என்றால் வசதி. கணவர் பணம் போட்டால் அதில் வரும் லாபத்தை அவர் வருமானத்தோடு சேர்த்துவிட வாய்ப்புண்டு. தனி வங்கிக் கணக்கு, அதற்கென்று தனி யுபிஐ. சிறு தொழிலுக்கான உத்தேச வரிமுறையில், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தை, ரொக்கத்தில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். 5 லட்சம் விற்று எல்லாம் யுபிஐயில் வந்தால் லாபம் 30,000 என்று கணக்காகும், வரியே வராது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், நாளை வங்கி முதலில் கேட்பது அதைத்தான். கணவர் தன் பணி ஆணையை எடுத்து, வெளியில் சம்பாதிக்கத் தடை இருக்கிறதா என்று படிக்க வேண்டும். இருந்தால் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மேடை ஏறட்டும்.

வேலையை எப்போது விடலாம்? ஒரு முழு வருடம், ஆடியும் மார்கழியும் உள்ளே வருகிற மாதிரி, சனி ஞாயிறுகளில் மட்டும் செய்து பாருங்கள். செலவு போக, உங்கள் இருவர் கூலியும் லாபமும் சேர்ந்து மாதச் சராசரி வீட்டுச் செலவான 31,000-ஐத் தொட்டு, அந்த 2 லட்சமும் அப்படியே இருந்தால் பேசலாம். கணவர் இதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய சம்பளம்தான் இந்தத் தொழிலுக்குக் கிடைக்கும் வட்டியில்லாத முதலீடு, அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வண்டி வாடகை, நண்பருக்குக் கொடுத்தது, இருவரின் மணி நேரம், எதுவும் விடுபடக் கூடாது. வருடம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்பீக்கர் வாங்கலாமா என்பதை அதை வைத்துப் பேசுவோம்.