ஓட வேண்டிய காரும் ஓடாத காரும்

கேள்வி: பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 12 மணி நேர ஷிப்டு வேலை செய்கிறேன். வீடு பாலத்துக்கு அப்பால், பட்டர்வொர்த்தில். அப்பா வைத்திருந்த 1988ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா காரைப் போர்ச்சில் நிறுத்தி, விடுப்பு நாள்களில் புதுப்பித்து வருகிறேன். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்ல மனைவி ஓட்டும் மைவி காரின் வேலைகளையும் நானே செய்வதால், இரண்டும் பாதியில் நிற்கின்றன. மைவியின் பிரேக் சில வாரங்களாகக் கிறீச்சிடுகிறது. சாகாவை விற்றுவிடச் சொல்கிறார் மனைவி. விற்பதா, வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மைவியை இந்த வாரமே பட்டறைக்கு அனுப்புங்கள். பிரேக் பேட் தேய்ந்து எல்லையை நெருங்கும்போது, அதிலுள்ள சிறு உலோகத் தகடு டிஸ்க்கில் உரசி எச்சரிக்கும்படி பல பேடுகள் அமைக்கப்பட்டிருப்பதைப் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் தூசியாகவும் இருக்கலாம்தான்; ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தானே தெரியும், அதற்கு உங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

உங்கள் மனைவியின் வருத்தம் சாகாவின் மேல் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் ஏறும் காரில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஓடாத காரின் அருகே கணவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் எவரும் அதைத்தான் சொல்வார்கள். நாள்தோறும் காலையில் புறப்பட்டாக வேண்டிய வண்டியின் வேலைக்குக் கெடு உண்டு. அப்பாவின் காருக்குக் கெடுவே இல்லை. இரண்டையும் ஒரே விடுப்பு நாளில், ஒரே ஆளாக வைத்துக்கொண்டதுதான் சிக்கல். ஆகவே குடும்பக் காரை உங்கள் பொழுதுபோக்கிலிருந்து முற்றிலும் பிரித்துவிடுங்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது அது சர்வீசுக்குப் போகட்டும்; தேதியை வீட்டு நாள்காட்டியில் மனைவியே குறித்து வைக்கட்டும். தெரிந்த வேலைக்குப் பட்டறையில் கூலி கொடுக்க உங்கள் மனம் ஒப்பாது என்பது தெரியும். கைத்தொழில் அறிந்தவர்களுக்கெல்லாம் உள்ள வீம்பு அது. அந்தக் கூலியைச் சாகாவுக்காக நீங்கள் கொடுக்கும் விலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மலேசியாவின் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். பிள்ளைகளுக்காகவோ உடல்நலத்துக்காகவோ அதைக் கேளுங்கள். பழைய காருக்காக வருமானத்தைக் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி சாகா. இரவு ஷிப்டு முடித்துப் பாலம் கடந்து வந்த காலையில் அதன் அடியில் படுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே நுழையக் கூடாது, தாங்கிகள் வைத்தாக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கை முதலில் தவிர்ப்பது அந்தத் தாங்கிகளைத்தான். அத்தகைய நாள்களில் உறங்குங்கள். நன்றாக ஓய்வெடுத்த நாளில் ஒரேயொரு வேலையை மட்டும் தொடங்கி, அது முடியும்வரை அடுத்த பாகத்தைக் கழற்றாமல் இருங்கள். கார்புரேட்டர் நல்ல தொடக்கம். வெளியே கழற்றியெடுத்து, காற்றோட்டமான போர்ச்சில் ஒரு மேசைமேல் வைத்தே ஜெட்டுகளையும் மிதவையையும் சுத்தம் செய்துவிடலாம், பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும் கார் யாருடைய வழியையும் மறிக்காது. துரு நீக்கிப் பற்றவைக்கும் வேலைக்கும் பெயிண்டுக்கும் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்றவை. செப்டம்பர், அக்டோபர் மழையில் திறந்த தகரத்தை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். உதிரிப்பாகங்களை வாங்கிக் குவிக்கும் ஆசையையும் அடக்குங்கள். 1985இல் வெளிவந்த அந்த உருவமைப்பு, சிற்சில மாற்றங்களோடு 2008 வரை உற்பத்தியில் இருந்ததால், பல பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறு இஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது அழைத்தால், இஞ்சின் மாற்றத்துக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்போதைக்கு விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் வரும் பிப்ரவரி முடிவதற்குள் தளத்தகட்டுத் துருவில் கை வைக்கவில்லை என்றால், அடுத்த மழைக்குள் அது இன்னும் அரித்துவிடும், விலையும் இறங்கும். அப்போது மனைவியோடு உட்கார்ந்து, முடிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசுங்கள்.