காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்குக் கால்சியம் சத்துக்கு என்ன கொடுக்கலாம்? கடையில் விற்கும் பொடி வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வேலூரில் ஐந்து வருடமாக இரண்டு நண்டு வளர்க்கிறேன். அவற்றுக்கான கால்சியம் நாட்டு மருந்துக் கடையிலும் எங்கள் அடுப்படியிலும்தான் கிடைக்கிறது.

மருந்துக் கடையில் கேட்க வேண்டியது கடல் நுரை. பெயர்தான் நுரை, பொருள் கணவாயின் உள்ளோடு. முதல் தடவை கேட்டபோது கடைக்காரர், "இன்னாத்துக்கு தம்பி, லவ் பேர்ட்ஸுக்கா?" என்றார். நண்டுக்கு என்றேன். "குழம்பு வெக்கிறத உட்டுட்டு அதுக்கு வைத்தியம் பாக்கிறியா?" என்று சிரித்தபடியே பொட்டலம் கட்டினார். நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். பொடிக்கக்கூட வேண்டாம், துண்டாகவே தொட்டியில் போட்டு வையுங்கள். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பெரிய கொடுக்கை ஓரமாக வைத்துக்கொண்டு சின்னக் கொடுக்கால் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்.

அது கிடைக்காவிட்டால் முட்டை ஓடு. கொதிக்க வைத்துக் காயவிட்டு, உரலில் ரவை பதத்துக்கு இடித்துக்கொள்ளுங்கள். ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். நண்டின் மேலோட்டைக் கெட்டியாக்குவதும் அதேதான். கேழ்வரகு போதும் என்று சிலர் எழுதுகிறார்கள். உப்பில்லாத களியில் மிளகளவு நானும் வைப்பதுண்டு, ஆசையாகத் தின்னும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் இருப்பது சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். முட்டை ஓட்டில் அதைப் போல நூறு மடங்கு.

எதைக் கொடுப்பது என்பதைவிட, அதனிடம் இருப்பதைப் பிடுங்காமல் இருப்பது முக்கியம். நான் பிடுங்கினேன். வாங்கிய புதிதில் தொட்டியில் இரண்டு அங்குல மணல்தான் போட்டிருந்தேன். ஒருநாள் காலை பார்த்தால் சங்குக்கு வெளியே காலும் கொடுக்குமாக நண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று எடுத்தேன். வெங்காயச் சருகு மாதிரி கனமே இல்லை. முருங்கை மரத்தடியில் வீசிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். சாயங்காலம் தொட்டியைக் கழுவலாம் என்று சங்கைத் தூக்கினால், உள்ளே வெளிறிய, மெழுகு போன்ற கால் ஒன்று அசைந்தது! உரித்த சட்டையைத்தான் வீசியிருக்கிறேன். புது ஓடு கெட்டியாவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை நண்டு அந்தச் சட்டையைத் தின்றுதான் திரும்ப எடுத்துக்கொள்ளும். மரத்தடிக்கு ஓடினேன், எறும்பு மொய்த்திருந்தது. கடல் நுரையைத் தூளாக்கிச் சங்குப் பக்கத்திலேயே தூவி, தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கினேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் வாரக்கணக்கில் சோர்ந்தே கிடந்தது. செத்த நண்டு என்றால் அழுகிய மீன் வாடை வரும், சட்டைக்கு வாடை இருக்காது. இப்போது ஈர மணலும் தென்னை நார்த் தூளும் கலந்து அரையடிக்கு மேல் போட்டிருக்கிறேன். சட்டை உரிக்க மணலில் புதைந்துபோய் ஒரு மாதம், இரண்டு மாதம் வராவிட்டாலும் தோண்டுவதில்லை.

"சுண்ணாம்புச் சத்துதான வேணும், வெத்தலைக்குப் போடுறதுல ஒரு துளி தடவி வை கண்ணு" என்று பாட்டி அப்போது சொன்னார். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். தாம்பூலச் சுண்ணாம்பு நீற்றியது, காரம். நம் வாயையே பொத்துப்போக வைக்கும். நண்டுக்குக் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள்.

மற்ற தாதுக்களுக்கு முருங்கைக் கீரை, கழுவிய சென்னாக்குனி. உப்புக் கருவாடு வேண்டாம். நண்டின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது செம்புச் சத்துதான், ஆனால் தேவை துளியூண்டு, அது உணவிலேயே வந்துவிடும். செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லதோ என்னவோ, அதற்கு விஷமாகிவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு வையுங்கள், ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் குளோரின் நீக்கிய தண்ணீர்தான். உப்புத் தண்ணீருக்குச் சமையல் உப்பு போடாதீர்கள், அதில் மெக்னீசியம் போன்றவை கடல்நீரில் உள்ள அளவுக்கு இல்லை. மீன் தொட்டிக் கடையில் கடல் மீனுக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரையுங்கள். பொடிக்கு வைத்திருந்த காசை இதில் போடலாம்.