ஜூஸ் மட்டும் குடித்தால் உடல் சுத்தமாகுமா?

கேள்வி: ஐந்து நாள் ஜூஸ் மட்டும் குடித்துக் குறைத்த எடை ஒரே வாரத்தில் திரும்பிவிடுகிறதே, ஏன்? மாதம் ஒருமுறை இப்படி இருக்கலாமா?

பதில்: குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பல்ல, தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேர்த்து வைக்கும் சர்க்கரை) ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கலோரி குறைந்தால் கிளைகோஜன் கரையும், தண்ணீரும் போகும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இரண்டும் நிரம்பிவிடும். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. அதற்கு ஜூஸ் தேவையில்லை.

நன்மையே இல்லையா? உண்டு. காய்கறியே தொடாதவருக்குக் கொஞ்சம் வைட்டமின் சி, பொட்டாசியம் கிடைக்கும். ஆனால் வடிகட்டும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 48 கிராம் புரதமாவது வேண்டும். ஜூஸில் அது மிகச் சொற்பம். நாள் கூடக்கூடத் தசை கரையும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது பசலைக்கீரை, பீட்ரூட் ஜூஸ். இவற்றில் ஆக்சலேட் அதிகம்; சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய பொருள் அது. நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் இதில் இறங்கவே கூடாது. வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் கீரை ஜூஸைத் திடீரெனக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும்.

மாதாமாதம் வேண்டாம். ஆசையாக இருந்தால் சாப்பாட்டோடு 150 மில்லி குடியுங்கள், வடிகட்டாமல். கைநடுக்கம், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.