ஆற்றில் வெள்ளமா, பழைய வீடியோவா?

கேள்வி: ராத்திரி 10 மணிக்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில், குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடின வீடியோ வந்தது. 'பாபநாசம் அணை திறந்தாச்சு, 1 லட்சம் கனஅடி, கரையோரத்து ஆட்கள் உடனே கிளம்புங்க' என்று எழுதியிருந்தது. அம்மாவை எழுப்பி, சாமானெல்லாம் மாடிக்கு ஏற்றினோம். விடிந்து போய்ப் பார்த்தால் படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: இந்த மாதிரி வீடியோவில் பெரும்பாலும் காட்சி நிஜம், தேதிதான் பொய். குறுக்குத்துறைக் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. பெருவெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கும், ஒவ்வொரு தடவையும் யாராவது படம் எடுப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எடுத்ததும் அதற்கு முந்தைய வெள்ளத்தில் எடுத்ததும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் தண்ணீரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கடைப் பலகை, சுவர் விளம்பரம், நிற்கிற பஸ், கரண்ட் கம்பம் எல்லாம் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். கொக்கிரகுளம் பக்கத்துப் படமென்றால் சுலோசன முதலியார் பாலத்தைக் கவனியுங்கள். அதன் பக்கத்திலேயே பிறகு கட்டிய புதுப்பாலம் தெரிய வேண்டிய கோணத்தில் பழைய பாலம் மட்டும் தனியாக நின்றால், அது பல வருஷத்துக்கு முந்தைய படம்.

அடுத்து, அசையாத பொருள் தெரிகிற இடங்களில் வீடியோவை நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தையும் சேனல் லோகோவையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் அது எழுத்தைத் தேடப் போய்விடும். வெறும் தண்ணீர் உள்ள படத்தைப் போட்டால் ஊர் உலகத்து வெள்ளமெல்லாம் வரும். கிடைப்பதில் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள். போன வருஷமே ஏற்றியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காகப் புது வீடியோ என்று முடிவுகட்டக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மங்கிப்போன படத்தையும், இடம் வலமாகத் திருப்பிப்போட்ட படத்தையும் லென்ஸ் தவறவிடும். அப்போது யூடியூபில் 'குறுக்குத்துறை வெள்ளம்' என்று தமிழிலேயே அடித்துத் தேடுங்கள்.

இனி கணக்கு. பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. 'பாபநாசம் 150 அடியைத் தாண்டியது' என்று வந்தால் அங்கேயே அது உடைந்துபோகிறது. நீர்வரத்து வேறு, வெளியேற்றம் வேறு. அணைக்குள் 20,000 கனஅடி வருகிறது என்ற செய்தியை, 20,000 கனஅடி திறந்துவிட்டார்கள் என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். 'அணை திறப்பு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூனில் திறந்த செய்தியின் தலைப்பு, மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கையாக வேஷம் போட்டு வரலாம். மழை அளவும் அப்படித்தான். வானிலை ஆய்வு மையத்தின் ஒருநாள் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. என்று 2023-இல் சொன்னதும் அந்தக் கணக்கில்தான். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று சொல்லாத செ.மீ. கணக்கை நம்பாதீர்கள்.

நீங்கள் சாமானை மாடிக்கு ஏற்றியதில் தப்பே இல்லை. கரையோரத்தில் குடியிருப்பவர்கள் லென்ஸில் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். முதலில் 1077-க்கு அடியுங்கள், அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஆற்றில் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். உங்களுக்கு வருகிற தண்ணீர் அவர்களைத் தாண்டித்தானே வர வேண்டும்!

கேள்வி: 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று டிவி சேனல் கார்டு வருகிறது. பிள்ளைகள் அதைக் காட்டி அடம்பிடிக்கிறார்கள்.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கார்டில் தேதி இருக்கிறதா, அந்தத் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள். 'நாளை' என்று மட்டும் இருந்தால் தள்ளிவிடுங்கள். எந்த மாவட்டம் என்றும் பாருங்கள். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது, அங்கே விட்ட லீவு நெல்லைக்குச் சேராது. பிறகு கலெக்டரின் அதிகாரபூர்வப் பக்கத்தையும் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் பையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தப்பான செய்தியை நானே மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். இரட்டை அம்புக்குறிகூட இல்லையே என்று நம்பினேன். இப்போது என்ன செய்ய?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: இரட்டை அம்பு, குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பதற்கு அடையாளம். யாராவது போனில் சேமித்து மறுபடி ஏற்றினால் அந்தக் குறி போய்விடும். ஆகவே குறி இல்லை என்பது சாட்சி ஆகாது.

'அனைவருக்கும் நீக்கு' வசதி இரண்டரை நாள் வரை வேலை செய்யும். ஆனால் உங்களிடமிருந்து வாங்கி மற்றவர் அனுப்பியது அழியாது. அதனால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த மூன்று குரூப்பிலும் எழுதுங்கள்: 'இன்று காலை நான் போட்ட வெள்ள வீடியோ 2023-இல் எடுத்தது, இன்றையது இல்லை. யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.' வருஷத்தை உங்கள் வீடியோவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். திருத்தத்தோடு அந்த வீடியோவை மறுபடி இணைக்க வேண்டாம். பாதிப்பேர் எழுத்தைப் படிக்காமல் வீடியோவை மட்டும் அனுப்பிவிடுவார்கள்.