வில்லிஸ் ஜீப்: இரண்டாவது கியர் கரகரப்பும் ஆயிலும்

ஆயில் மாற்றிய வில்லிஸ் ஜீப்பில் இரண்டாவது கியர் கரகரக்கிறது, எந்த ஆயில் ஊற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை), எஸ்ஏஇ 90 (கெட்டித்தன்மை எண்). கியர்பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் இரண்டுக்கும் இதுவே. மண்டபம் கடையில் "கெட்டியா இருந்தா நல்லது" என்று தந்ததாகச் சொன்னீர்களே, அந்த ஜிஎல்-5 85டபிள்யூ-140ஐ வடித்துவிடுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகுதான் இரண்டாவது கியர் கரகரக்கிறது என்றால் என் சந்தேகம் அந்த ஆயில் மீதுதான். கியர் மாற்றும்போது சிங்க்ரோ என்ற பித்தளை வளையம் உராய்ந்து பிடித்தால்தான் பற்களின் வேகம் ஒத்துவரும். வழுக்கலும் கெட்டியுமான ஆயிலில் அது பிடிக்காது. போதாததற்கு, ஜிஎல்-5இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். டப்பாவில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று சேர்த்துப் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடானதும் வடியுங்கள். முதலில் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா பாருங்கள். துருவேறி அது வராமல் போனால், வடித்த வண்டி அங்கேயே நிற்கும்! ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் ஆட்டிப் பாருங்கள். தங்கப் பொடி மின்னினால் பித்தளை தேய்ந்திருக்கிறது. பால் டீ நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் கடலோர ஈர மணலில் ஓட்டுகிறவர் நீங்கள், அப்படியானால் உப்புத்தண்ணீராகவே இருக்கும். ஆயில் சீல் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வளையம் தேய்ந்துவிட்டால் எந்த ஆயிலும் உதவாது, கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோவே கிடையாது; வண்டி நகரும்போது போட்டால் கத்தத்தான் செய்யும்.

அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் வேறு கதை. அது ஹைபாய்ட் பல் (ஒன்றன்மேல் ஒன்று அதிகம் வழுக்கி உராயும் வகை), அங்கே ஜிஎல்-5 90 ஊற்றலாம்.