வரும் என்று தெரிந்தே வருபவை

கேள்வி: நான் குமுளியில் ஒரு சிறிய தையல் கடை நடத்துகிறேன். கணவர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். சமையல் பாதியில் இருக்கும்போது கேஸ் தீர்ந்துபோகிறது. உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்பது கடைசி நாளில்தான் நினைவுக்கு வந்து, கடையைப் பூட்டிவிட்டு, அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் அட்சயா மையத்துக்கு ஓடுகிறேன். ஓணத்துக்கு முதல் நாள் இரவு இரண்டு மணி வரை தைத்தும் ஏச்சு வாங்குகிறேன். அந்தக் கோபத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் பிறகு அழுகிறேன். முன்கூட்டியே யோசித்துச் செய்கிற குணம் பிறவியிலேயே வர வேண்டுமா?
– ஒரு வாசகி, குமுளி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தக் குணம் உங்களிடம் இருக்கிறது. ரவிக்கைக்கான பருத்தி லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பீர்கள் அல்லவா? அப்படியே வெட்டித் தைத்தால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, மேல்துணி சுருக்கம் விழுந்து நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் நேராத கெடுதலுக்கு இன்றே ஒரு வாளித் தண்ணீர் செலவழிக்கிறீர்கள். மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற அந்த நிதானம் வாசலைத் தாண்டியதும் ஏன் போய்விடுகிறது என்பதுதான் கேள்வி. நாள் முழுதும் பிறர் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடுகிற ஒருவருக்கு, நாளையை நினைத்துப் பார்க்க அரைமணி நேரம்கூட மிஞ்சுவதில்லை. இதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். அதில் எதிர்பாராமல் வந்தது எது? ஓணம் ஆண்டுதோறும் சிங்ஙத்தில், நம் ஆவணியில் வருகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சீருடைத் துணி வரும். ஐப்பசியில் தீபாவளித் துணி வரும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் மலைப்பாதை நெரியும் என்பதும், கம்பத்துக்குப் போய் நூலும் லைனிங்கும் வாங்கிவர அரைநாள் கூடுதலாகும் என்பதும் உங்களுக்குத் தெரியாதவையல்ல. கம்பத்தில் என் தாயார் சித்திரை வெயிலிலேயே விறகைப் பிளந்து பரணில் அடுக்கிவிடுவார். ஆனியில் மலையிலிருந்து சாரல் இறங்கும்போது எங்கள் அடுப்பு புகைந்ததில்லை. அவரிடம் இருந்தது சிறப்பறிவு அல்ல. சாரல் வரும் என்பதைச் சித்திரையிலேயே நம்பினார், அவ்வளவுதான்.

ஆகவே வாரத்தில் ஒரு முறை, ஞாயிறு மாலை தேநீர் குடிக்கும் நேரத்தில், சுவர் நாட்காட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த நான்கு வாரங்களைப் பாருங்கள். தினமும் திட்டம் எழுதச் சொல்லமாட்டேன். கடை நடத்துகிறவர்களுக்கு அது மூன்றாம் நாளே நின்றுபோகும்.

முன்கூட்டிச் செய்ய வேண்டும் என்று பொதுவாக எண்ணிக்கொள்வதால் மட்டும் பயன் குறைவு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குறித்த காலத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன் என்று முன்பே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த வேளையில் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைக்கு நான் இரண்டு முடிச்சுகள் சொல்வேன். ஒன்று, அத்தம் பிறந்துவிட்டால் தைப்பதற்குப் புதிதாகத் துணி ஏற்பதில்லை. திருவோணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது என்பதை மலையாளிகள் அத்தப்பூக்களம் போட்டே அறிவித்துவிடுவதால், நீங்கள் சொல்லும் கெடு அவர்களுக்கும் உடனே விளங்கும். ஆடியிலேயே இரு மொழியிலும் எழுதிக் கடைவாசலில் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, யார் துணியை நீட்டினாலும் வாய் பதில் சொல்லுமுன் கை அளவு நோட்டைத் திறக்க வேண்டும். எத்தனை ரவிக்கை ஏற்கெனவே காத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற அந்த அரை நிமிடத்தில், "சரி, வெச்சிட்டுப் போங்க" என்று பழக்கத்தில் வருகிற சொல் அடங்கும். வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். சிலர் போகவும் கூடும். சொன்ன நாளில் தராமல் ஏச்சு வாங்குவதைவிட அந்த இழப்பு சிறியது என்றே நான் கருதுகிறேன்.

உண்மையாகவே திடீரென்று வருபவையும் உண்டு: பிள்ளைக்குக் காய்ச்சல், மலைப்பாதையில் மண்சரிவு. அவற்றை எந்த நாட்காட்டியாலும் தடுக்க முடியாது. ஆனால் தெரிந்தவற்றை முன்னதாக முடித்து வைத்திருந்தால், அந்த நாளில் பிள்ளையின் அருகில் உட்கார உங்களுக்கு நேரம் இருக்கும். கோபமும் பெரும்பாலும் களைப்பிலிருந்து வருவதுதான். இரண்டு மணி வரை விழித்திருந்தவரிடம் பொறுமையைக் கேட்பது நியாயமில்லை.

சிலிண்டர் விஷயத்தை இதில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மாட்டிய தேதியை நாட்காட்டியில் குறித்துவந்தால், மூன்று சிலிண்டர்களுக்குள் உங்கள் வீட்டுக்கு ஒன்று எத்தனை நாள் வரும் என்பது தெரிந்துவிடும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடலாம். தோட்டத்துக் கணக்கை நாள் தவறாமல் எழுதுகிற உங்கள் கணவருக்கு இது நன்றாகவே வரும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.