தனித்த வாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்டின் கோர்மக் ஃபிட்ஸ்ஜெஃப்ரி கதைகளை அண்மையில் வாசித்தேன். ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதிய மூன்றாம் சிலுவைப்போர்க் காலத்து முரட்டுக் குதிரைவீரன் ஒருவன், எந்தப் படையிலும் சேராமல், வாளும் பகையுமாகத் தனியே அலையும் கதைகள். கீழே வைக்க முடியாமல் படித்தேன். முடித்தபின் வெட்கமாக இருந்தது. ஒற்றை ஆள் ஒரு கோட்டையையே கலக்குவது வரலாற்றில் நடக்கக்கூடிய காரியமா? இவை இஸ்லாமிய வெறுப்பை வளர்க்கும் குப்பைகள் என்கிறார் என் நண்பர். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இப்போது அந்தப் புத்தகத்தைக் கேட்கிறான். கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

சில வாரங்களாக நான், 1187இல் சிலுவைப்படை முஸ்லிம் சுல்தான் சலாஹுதீனிடம் தோற்ற ஹத்தீன் போரைப் பற்றிய நூல்களையே படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோதும் அந்தப் போரின் வரைபடம்தான் மேசையில் விரிந்திருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றி. தூக்கத்தை மறந்து ஒரு கதையைப் படித்துவிட்டு, மறுநாள் நண்பர் முகம் சுளித்தார் என்பதற்காக அதைக் கைவிடுவது நேர்மையான வாசிப்பு ஆகாது. உங்களைப் பிடித்து உட்கார வைத்தது எது என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. மதிப்பான நூலா, மலிவான நூலா என்ற தீர்ப்பை மட்டும் பிறரிடம் எதிர்பார்க்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளாக வாசிப்பவர் என்று உங்கள் கடிதத்தின் நடையே சொல்கிறது. உங்களிடம் இந்தக் கோழைத்தனத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஹோவர்டின் இன வருணனைகள் பல இடங்களில் அருவருப்பானவை. 1930களின் டெக்சாஸ் மனம் அது, அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் கோர்மக் சிலுவைக்காக வாளெடுப்பவன் அல்லன். நார்மன் தந்தைக்கும் அயர்லாந்தின் கேலிக் தாய்க்கும் பிறந்து, இரத்தப் பகைகளுக்கு நடுவே வளர்ந்தவன். 1931இல் ‘ஓரியண்டல் ஸ்டோரீஸ்’ இதழில் வந்த முதல் கதையில் அவன் புறப்படுவது கொல்லப்பட்ட நண்பனுக்காகப் பழிவாங்க. அக்கதையில் பெருந்தன்மையோடு வருபவர் சலாஹுதீன். அவரை உயர்ந்த மனிதராகக் காட்டுவது ஐரோப்பியக் கதைகளில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கும் முன்பிருந்தே உள்ள வழக்கம் என்பதால், அதற்காக ஹோவர்டைத் தனியாகப் பாராட்டவும் நான் தயாராக இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது, ஒற்றை ஆளால் முடியுமா என்ற உங்கள் கேள்விதான். முடியாது. ஏன் முடியாது என்று தெரிந்தால்தான் இந்தக் கதைகளின் உயிர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

நைட் என்று நாம் சொல்லும் அந்தக் குதிரைவீரன் ஒரு தனிமனிதனே அல்லன். போர்க்குதிரையைப் போருக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். வழிநடைக்கு வேறு குதிரை, சுமைக்கு வேறு விலங்கு, இவற்றைப் பராமரிக்க ஆட்கள். பாலஸ்தீனத்துக் கோடையில் ஒரு குதிரைக்கு மட்டும் நாளொன்றுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீருக்கு ஒரு கிணறும், அந்தக் கிணற்றுக்கு ஒரு காவலும், அந்தக் காவலுக்குச் சோறுபோட ஒரு நிலமும், அந்த நிலத்தைத் தந்த ஒரு பிரபுவும் இருந்தாக வேண்டும். 

1191 செப்டம்பரில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டின் சிலுவைப்படை பாலஸ்தீனக் கடற்கரையோரமாக அர்சூஃப் என்ற ஊரை நோக்கி நகர்ந்ததைச் சலாஹுதீனின் பாசறையிலிருந்து கண்ட பஹாவுதீன் இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார். தடித்த கம்பளி உடையும் வளையக் கவசமும் அணிந்த காலாட்கள், முதுகில் பத்து அம்புகள் வரை தைத்திருக்க, அணி கலையாமல் நடந்தார்கள் என்கிறார். அவர்கள் அப்படி நடந்தது உள்ளே செல்லும் குதிரைகளைக் காப்பதற்காக. குதிரைவீரனின் புகழுக்கு அடியில் அந்தக் காலாட்களின் முதுகு இருந்தது.

அந்தக் கட்டு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹத்தீன் சாட்சி. 1187 ஜூலை 3ஆம் தேதி, ஏறத்தாழ 1,200 குதிரைவீரர்களும் பல்லாயிரம் காலாட்களும் கொண்ட சிலுவைப்படை, சஃபூரியாவின் ஊற்றுகளை விட்டுத் திபேரியாவை நோக்கிக் கிளம்பியது. அங்கே சலாஹுதீனின் முற்றுகையில் சிக்கியிருந்தவள் தன் மனைவியே என்றாலும், போக வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தான் திரிப்போலியின் பிரபு ரேமண்ட். ஆனால் அன்றிரவே டெம்ப்ளர்கள் என்ற துறவுப் படையினரின் தலைவன், கை (Guy) என்ற பெயருடைய ஜெருசலேம் மன்னனின் மனத்தை மாற்றிவிட்டான். இடைப்பட்ட தூரம் ஒரு பகல் நடைதான். ஆனால் படைக்குப் போதிய தண்ணீர் வழியில் இல்லை. இரவில் தண்ணீரின்றி முகாமிட்டார்கள். காய்ந்த புல்லுக்கு எதிரிகள் தீ வைத்தார்கள். மறுநாள் தாகத்தில் சிதறிய காலாட்கள் குன்றின்மேல் ஏறிக்கொண்டு, மன்னன் அழைத்தும் இறங்க மறுத்தார்கள். காப்பாளர் இல்லாத குதிரைகள் அம்பில் விழுந்தன. கவசமணிந்த பிரபுக்கள் தரையில் நின்றார்கள். பிடிபட்ட ஒருவன் ஒரு ஜோடி செருப்புக்கு விற்கப்பட்டதாக அரபு வரலாற்று நூல் குறிக்கிறது. 

அக்டோபர் 2ஆம் தேதி ஜெருசலேம் சரணடைந்தது. அந்த அரசின் கையில் எஞ்சிய பெரிய நகரம் தீரு துறைமுகம் ஒன்றுதான்.

இதற்குப் பின் அந்தக் கரையில் மிஞ்சியவர்களை நினைத்துப் பாருங்கள். நிலம் போயிற்று, நிலம் தந்த பிரபு இறந்தான், கூட நடந்த காலாட்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். 1192இல் ரிச்சர்டும் சலாஹுதீனும் செய்துகொண்ட ஒப்பந்தமும் கடற்கரைத் துண்டு ஒன்றைத்தான் மீட்டுத் தந்தது. அதே ஆண்டு சைப்ரஸ் தீவைப் பெற்ற மன்னன் கை, நிலமிழந்த வீரர்களை அழைத்து அங்கே நிலம் கொடுத்தான் என்றால், அப்படி இழந்து நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! தனித்த குதிரைவீரன் அங்கேதான் பிறக்கிறான். அவனைத் தாங்கிய எல்லாம் சரிந்தபின் எஞ்சிய மனிதன் அவன். ஹோவர்ட் கோர்மக்கை நிறுத்தியிருப்பது சரியாக அந்த ஆண்டுகளில். அதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. அவன் எத்தனை பேரை வெட்டுகிறான் என்ற எண்ணிக்கை மிகைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மிகைக்கு அடியில், போக இடமற்றவனின் கோபம் உண்மையாக எரிகிறது. உங்களை எழவிடாமல் வைத்திருந்தது அதுதான் என்பேன்.

என் பெரியப்பா இப்படிப்பட்ட ஆங்கிலச் சாகசக் கதைகளை மூர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கிவந்து படிப்பார். திருமணம் செய்துகொள்ளாதவர். வேலைபார்த்த ஆலை மூடியபிறகு, தம்பிகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். நான் ஏதாவது வீரக்கதையை ஆர்வத்தோடு அவரிடம் சொன்னால், சண்டையைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார். “சரி, இவன் ராத்திரி எங்கே படுப்பான்? குதிரைக்கு யார் தீனி வைப்பாங்க?” என்பார். கதையைக் கெடுக்கிறாரே என்று எரிச்சல் வரும். கோர்மக்கின் இரண்டாவது கதையில் அவன் இரவைக் கழிப்பது ஒரு கொள்ளைக்காரனின் கோட்டையில், ஒருவரையும் நம்ப முடியாத கூட்டத்தின் நடுவே. அதை வாசித்தபோது பெரியப்பாவின் கேள்விக்கு ஹோவர்ட் விடை வைத்திருக்கிறார் என்று தோன்றி, மேலே வாசிக்க இயலாமல் சற்றுநேரம் இருந்துவிட்டேன். அவரிடம் அந்தக் கதையைக் கொடுத்திருக்கலாம். கொடுக்க அவர் இல்லை.

ஹோவர்ட் பாலஸ்தீனத்தைக் கண்டவர் அல்லர். கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் பெற்றோருடன் இருந்துகொண்டு, புத்தகங்களிலிருந்தே அந்த நிலத்தைக் கட்டினார். சொல்லுக்கு ஒரு சென்ட்டோ அதற்கும் குறைவோ தரும் இதழ்களுக்காக, வரலாற்றைத் தேடிப் படித்து எழுதுவது கட்டுப்படியாகாத உழைப்பு. ஆயினும் அவ்வகை எழுத்தைப் போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை என்று கடிதங்களில் சொல்லியிருக்கிறார். மூன்றாவது கோர்மக் கதை முடிவடையவில்லை. 1936இல், முப்பது வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இப்படி எழுதியவரைக் குப்பை என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடும் உரிமை, படித்துப் பார்க்காத எவருக்கும் இல்லை. உங்கள் நண்பரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மகனுக்குக் கொடுங்கள். இன வருணனைகள் வரும் பக்கங்களை மறைக்காமல், கூட அமர்ந்து பேசுங்கள். முடித்ததும் சிரியாவின் ஷைஸர் கோட்டையைச் சேர்ந்த, அக்காலத்து முஸ்லிம் பிரபு உசாமா இப்னு முன்கித்தின் நினைவுக்குறிப்புகளைத் தேடித் தாருங்கள். ஜெருசலேமில் டெம்ப்ளர் நண்பர்கள் தமக்குத் தொழுகைக்கு இடம் ஒழித்துத் தந்ததையும், புதிதாகக் கப்பலிறங்கிய பிராங்கியன், அதாவது ஐரோப்பியன், ஒருவன் வந்து தம்மைப் பிடித்துக் கிழக்குநோக்கித் திருப்பியதையும், நண்பர்கள் அவனை வெளியேற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டதையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். இரண்டையும் படித்தபின் அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.